உயர்கல்வியும் அரசின் உதவித்தொகையும்



பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவது வேறு. படிப்பை முடித்து வெளிவருவது வேறு. அரசுக் கல்வி நிலையங்களில் கற்பிப்புக் கட்டணம் குறைவே எனினும், தேர்வுக் கட்டணம், நூல்கள், விடுதிச் செலவு ஆகியன கூலிக் குடும்பத்திற்குப் பெருஞ்சுமையாகும். இச்சுமையைப் பொதுநிதி ஏற்பதே உதவித்தொகையின் நோக்கம். 1913ஆம் ஆண்டு டாக்டர் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையைக் கொண்டேயாம். அச்செலவால் நாடு அடைந்த பயன் யாவரும் அறிந்ததே.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணுமாறு அரசியலமைப்பின் 46ஆம் பிரிவு பணிக்கிறது. ஆயினும் நிதிப் பங்கீட்டில் நெடுங்காலம் ஒரு குறை இருந்தது. முந்தைய திட்டக்கால அளவிலான செலவை மாநிலங்களே ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்டதை மட்டுமே மத்திய அரசு அளிக்கும். இதனால் மாநிலங்களின் சுமை பெருகியது. 2017-18 முதல் 2019-20 வரை மத்திய உதவி ஆண்டுக்குச் சராசரி 1,100 கோடி ரூபாய் அளவிலேயே நின்றது.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இம்முறையை மாற்றியது. செலவில் 60 சதவீதம் மத்திய அரசுக்கும் 40 சதவீதம் மாநிலங்களுக்கும் என வகுக்கப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களுக்கு இது 90:10. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. அதில் மத்தியப் பங்கு 35,534 கோடி. 2021ஆம் ஆண்டு நெறிமுறைகள் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பை 2.5 லட்சம் ரூபாய் என வகுத்தன. கட்டாயக் கட்டணங்களுடன், படிப்பிற்கேற்ப ஆண்டுக்கு 2,500 முதல் 13,500 ரூபாய் வரை கல்விப்படியும் உண்டு.

மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் சேர்வதால் இடைத்தரகும் போலிப் பெயர்களும் குறைய வழியுண்டு. ஆயின், மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்னரே மத்தியப் பங்கு வரும். ஓரிடத்துத் தாமதம் முழுத் தொகையையும் நிறுத்திவிடும். கட்டணம் கேட்கப்படுவதோ சேர்க்கை நாளில். முன்கட்டணமின்றிச் சேர்வதற்கான கட்டணச் சலுகை அட்டை இவ்விடைவெளியை அடைக்கவே வகுக்கப்பட்டது. அதனைக் கல்லூரி மதிக்காவிடில் ஏழை மாணவர் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். அன்றேல் இடத்தை இழக்க வேண்டும்.

எனவே, மாணவர் விண்ணப்பத்தையும் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கையும் உரிய காலத்தில் சரிசெய்வது இன்றியமையாதது. கல்லூரியும் மாவட்ட அலுவலகமும் சரிபார்ப்பைத் தேக்காமல் முடித்தல் வேண்டும். மேசையில் ஒரு மாதம் உறங்கும் கோப்பு, ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறவிருந்தவரை மீண்டும் கூலி வேலைக்கு அனுப்பிவிடக்கூடும்.