வீராணத்துக் கரையும் பறைச்சேரியும்



யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் மூன்று முறை படித்தவர். நாலாவது முறை ஏன் எடுக்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன். “கதை நம்ம பக்கத்துலதான் ஆரம்பிக்குது. நம்ம தெரு மட்டும் எங்கேயும் வரலியே” என்றார். இன்றைய என் பேச்சு அந்தச் சொல்லிலிருந்து வந்தது.

கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய அந்த நாவல் வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. இங்கிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் அந்த ஏரிதான். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். 74 கணவாய்களில் தண்ணீர் பாய்வதைக் கண்டு வியக்கிறான். அந்த மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் யார் என்று கேட்க அவன் குதிரை நிற்பதில்லை. எளிய மனிதர்களே நாவலில் இல்லை என்று சொல்ல மாட்டேன். படகோட்டும் பூங்குழலி இருக்கிறாள், பூக்கட்டும் சேந்தன் அமுதன் இருக்கிறான். ஆனால் கடைசியில் அந்தப் பூக்கட்டியும் அரச ரத்தம் என்று தெரியவருகிறதே! ஏழையாகவே இருந்து ஒருவன் கதையை முடிக்கக் கல்கி விடவில்லை.

2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் முதல் படம் வந்ததும் வேறொரு சண்டை தொடங்கியது. ராஜராஜனை இந்து அரசனாக ஆக்குகிறார்கள் என்று வெற்றிமாறன் சொன்னார். அன்று இந்து மதம் என்ற பெயரே கிடையாது, சைவமும் வைணவமும் சமணமும்தான் இருந்தன என்றார் கமல்ஹாசன். வரலாற்றின்படி இருவர் பக்கமும் நியாயம் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் அரசன் நெற்றியில் என்ன இருந்தது என்பதோடு விவாதம் நின்றுவிட்டது. சைவ அரசன் என்றால் நமக்கு என்ன கிடைத்தது?

பதில் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. கோயிலுக்கு நிலம் கொடுத்த ஊர்களில் வரி நீக்கிய இடங்களை ராஜராஜனின் கல்வெட்டுகள் வரிசையாகச் சொல்கின்றன: ஊர் நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே உண்டு. அரசன் நமக்குச் சலுகை தந்தான் என்று இதைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். சேரி தனியாக இருந்தது, அது அரசு ஆவணத்தில் ஏறும் அளவுக்கு உறுதியாக இருந்தது என்றே நான் வாசிக்கிறேன். கல்லில் வெட்டியதைக் கதை எழுதியவரும் பார்க்கவில்லை, படம் எடுத்தவரும் பார்க்கவில்லை. ஆனால் 2019இல் திருப்பனந்தாளில் பா. ரஞ்சித் அந்த ஆட்சியை நமக்கு இருண்ட காலம் என்று பேசியபோது மட்டும் வழக்குப் பதிந்தார்கள்.

மாணவர்களே, இதை நாவலின் குறை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்தி நூலான பெரியபுராணம்கூட நம் தெருவுக்குள் வந்திருக்கிறது. நந்தனின் ஆதனூர்ச் சேரியைச் சேக்கிழார் நின்று பார்க்கிறார். மருத மர நிழலில் தோலின்மேல் தூங்கும் குழந்தை, அடைகாக்கும் கோழி, மாமரத்தில் தொங்கும் பறை, எல்லாம் அவர் கண்ணில் பட்டன. முடிவில் நந்தனைத் தீயில் இறக்கி, பூணூல் போட்டுத்தான் தில்லைக்குள் விட்டார், அது வேறு கணக்கு. இருந்தாலும் எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பழைய அந்தப் புராணத்துக்குத் தெரிந்த வழி, வாரப் பத்திரிகைக்கும் பெரிய திரைக்கும் தெரியவில்லை.

அந்தப் பக்கத்துக் காட்டுமன்னார்கோவில்தான் இளையபெருமாளின் ஊர். அவர் தலைமையிலான குழு நாடெங்கும் தீண்டாமையை விசாரித்து 1969இல் அறிக்கை கொடுத்தது. அதில் எத்தனை படத்துக்கான கதை இருக்கிறது!

படம் வந்த பிறகு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டைப் பார்க்க வேன் பிடித்து வருகிறார்கள். நானும் இரண்டு முறை அங்கே நின்றிருக்கிறேன். ஆதனூருக்கு எப்படிப் போவது என்று அவர்களில் ஒருவரும் கேட்டு நான் பார்க்கவில்லை.