படகைத் திருப்பும் அதிகாரம்

(பாளையங்கோட்டையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தீயணைப்பு வீரர்களுக்குக் களத் தலைமைக்கான சான்றிதழ் தருவதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் கொஞ்சம் தயங்கினார். "இதுக்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன தோழர் சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை எங்கள் ஆச்சி வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

ஆச்சி வீடு திருவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஊர் மேட்டில். காலனி வாய்க்கால் கரைக்குக் கீழே, பள்ளத்தில். ஏன் பள்ளத்தில் என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. மேலே அணைகள் நிரம்பி, ஆறு ஊருக்குள் வந்தது. மறுநாள் எங்கள் ஊருக்கு ஒரு மீட்புப் படகு வந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள், நல்ல மனிதர்கள். ஊர்த் தெருவில் மாடியில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டார்கள். "இன்னும் யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். "அவ்வளவுதான்" என்று பதில் வந்தது. படகு திரும்பிப் போய்விட்டது.

காலனியில் அப்போது நாற்பது பேருக்கு மேல் பள்ளிக்கூடக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்றிருந்தார்கள். ஆச்சியும் அங்கேதான். எங்கள் பையன்கள் வாழைத்தண்டையும் லாரி டியூபையும் கட்டி மிதக்கவிட்டு, மாலைக்குள் எல்லோரையும் வாய்க்கால் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அதனால் எந்தப் பட்டியலிலும் இது இல்லை.

"அவ்வளவுதான்" என்று சொன்னவரைப் பற்றி நான் பேச வரவில்லை. அவரை நமக்குத் தெரியும். நான் பேச வந்தது அந்தப் படகைப் பற்றி. "அவ்வளவுதான் இருக்க முடியாது, இந்த ஊருக்கு ஒரு காலனி இருக்கும், அது பள்ளத்தில் இருக்கும், முதலில் அங்கே போ" என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்தப் படகில் ஏன் இல்லை? அப்படிப்பட்ட ஒருவர் அந்த வட்டாரத்திலேயே இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

என் ஆய்வுக்காகத் தீயணைப்புப் பணியாளர்கள் பலரைச் சந்தித்தேன். அவர்களில் ஒருவர் முன்னணித் தீயணைப்போர். இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். கிணற்றில் விழுந்த மாடு, ஆற்றில் போன பிள்ளை, கழிவுநீர்த் தொட்டியில் மயங்கியவர் என எல்லாவற்றுக்கும் இறங்கியவர். அந்தக் கரையில் எந்தத் தெரு எந்த அளவுத் தண்ணீரில் மூழ்கும் என்பது அவருக்கு மனப்பாடம். பெயர் வேண்டாம் என்றார். அவர் சொன்னது இதுதான்: "படகை எங்க திருப்பணும்னு எனக்குத் தெரியும் தம்பி. திருப்புன்னு சொல்ற அதிகாரம்தான் எங்கிட்ட இல்ல."

தோழர்களே, இன்று நான் பேசுவது இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

பேரிடர்க் களத்தில் யார் யாருக்கு உத்தரவிடுவது என்பதற்குப் பல நாடுகளில் ஒரு முறை இருக்கிறது. இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம் என்பார்கள். நான் களத் தலைமை என்று சொல்கிறேன். இது பிறந்த கதை முக்கியமானது. 1970இல் தெற்கு கலிஃபோர்னியாவில் 13 நாட்கள் காட்டுத்தீ எரிந்தது. 16 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. வண்டிக்கும் ஆளுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆனால் ஒரு துறையின் வயர்லெஸ் மொழி இன்னொரு துறைக்குப் புரியவில்லை. ஒரே தீக்கு நான்கு பேர் நான்கு உத்தரவு போட்டார்கள். அந்தச் சாம்பலிலிருந்து தீயணைப்புத் துறைகள் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்த முறை.

அதன் அடிப்படை விதிகள் எளிமையானவை. ஓர் ஆளுக்கு ஒரே மேலாள். ஒரு மேலாளின் கீழ் ஐந்து பேர் அளவில்தான் இருக்க வேண்டும். முதலில் களத்துக்கு வந்து சேரும் தகுதியுள்ளவர்தான் தலைவர். அவரைவிடப் பெரிய அதிகாரி வந்தால், நிலைமையை முறையாகக் கேட்டறிந்த பிறகுதான் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆபத்தான வேலையை நிறுத்தச் சொல்வதற்கென்றே ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும். அந்தத் தகுதியை எப்படி அறிவது? படிப்பு, ஒத்திகை, களத்தில் செய்து காட்டுதல். செய்து காட்டிய ஒவ்வொரு வேலையையும் ஒரு மதிப்பீட்டாளர் பார்த்துக் கையெழுத்திடுவார். அதுதான் சான்றிதழ்.

இது இந்தியாவுக்கு வந்தபோது என்ன ஆனது? அமெரிக்க உதவியோடு வந்த இந்தப் பயிற்சிக்கு முதன்மை மையமாக முசோரியில் உள்ள ஐ.ஏ.எஸ். அகாடமி ஆனது. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2010இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதன்படி மாவட்டத்தில் பொறுப்பு அலுவலர் ஆட்சியர். கோட்டத்திலும் வட்டத்திலும் களத் தலைவர்கள் சார் ஆட்சியரும் தாசில்தாரும். வெள்ளத்தில் மீட்புப் பிரிவுக்கு யார் தலைமை பொருத்தம் என்று சொல்லுமிடத்தில், அது எடுத்துக்காட்டுவது காவல்துறையையும் ராணுவத்தையும். தீயணைப்போர் பெற்ற பிள்ளை, இங்கே வந்ததும் வருவாய்த்துறையின் தத்துப் பிள்ளையாகிவிட்டது.

ஆட்சியர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிவாரண முகாம், அரிசி, பஸ், மருத்துவமனை, மின்வாரியம் எல்லாவற்றையும் இணைக்க ஆட்சியர்தான் வேண்டும். மாவட்டத்துக்கு யார் பொறுப்பு என்பது ஒரு கேள்வி. இந்தத் தெருவில், இந்த நிமிடத்தில், இந்தக் கயிற்றை யார் வீசச் சொல்வது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வேலையைக் கற்றவராக இருக்க வேண்டும். டிசம்பர் வெள்ளத்தில் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தலைமை முழுவதும் ஒரே கட்டடத்தில் இருந்தால், அந்தக் கட்டடம் மூழ்கும்போது என்ன செய்வது?

நம் ஊரிலேயே வேறு மாதிரி நடந்த ஒரு சம்பவமும் இருக்கிறது, அதே நாளில். டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், 800 பயணிகளோடு திருவைகுண்டத்தில் நின்றது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் அரித்துப்போயிருந்தன. எச்சரிக்கை வந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியைப் புறப்பட விடவில்லை. பயணிகள் ஏறத்தாழ இரண்டு நாள் அங்கே சிக்கியிருந்தார்கள். புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிச் சோறு கொடுத்தார்கள். எல்லோரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

வண்டியை நிறுத்த அந்த ஸ்டேஷன் மாஸ்டர் எந்த ஆட்சியரின் கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை. அவர் துணிச்சல்காரர் என்பது உண்மை. ஆனால் துணிச்சல் மட்டுமல்ல. பயிற்சிப் பள்ளியில் படித்து, தேர்வெழுதி, தகுதிச் சான்று பெறாமல் ரயில்வேயில் யாரையும் அந்த நாற்காலியில் தனியே உட்கார வைப்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அவர் புத்தாக்கப் பயிற்சிக்குப் போயாக வேண்டும். "நிறுத்து" என்ற அவருடைய சொல்லுக்குப் பின்னால் ஒரு சான்றும் ஒரு விதியும் இருந்தன. எங்கள் முன்னணித் தீயணைப்போரிடம் அறிவு இருந்தது, அனுபவம் இருந்தது. அவர் சொல்லுக்குப் பின்னால் ஒரு காகிதம்கூட இல்லை.

சான்றிதழ் பெற்றவர் மந்திரவாதி ஆகிவிடுவார் என்று நான் நம்பவில்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் குடியிருப்புக் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் உழைக்கும் மக்கள், புலம்பெயர்ந்தவர்கள். "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரை கிட்டத்தட்ட இரண்டு மணிநேரம் மாறவில்லை. விசாரணையின் முதல் அறிக்கை 2019இல் வந்தது. ஆரம்பக் கட்டத்தில் தலைமை தாங்கியவர்கள் அனுபவசாலிகள்தான், ஆனால் எப்போது மக்களை வெளியேற்ற வேண்டும் என்று கணிக்க அவர்களுக்குப் பயிற்சியே தரப்படவில்லை என்றது அந்த அறிக்கை. ஆகவே சான்றிதழ் இருக்கிறதா என்பதோடு முடியவில்லை. அதில் எதைச் சோதிக்கிறோம் என்பதும் உயிர்ப் பிரச்சினை.

இங்கே நம் தோழர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. "தகுதி, திறமை" என்ற சொற்களைக் கேட்டாலே நமக்கு உடம்பு எரியும். இடஒதுக்கீட்டுக்கு எதிராக நூறு வருடமாக எறியப்படும் கல் அது. நாமே எழுந்து "தகுதிச் சான்று வேண்டும்" என்று கேட்கலாமா?

கேட்கலாம் என்பது என் முடிவு. காரணம் சொல்கிறேன். தகுதியைச் சோதிக்காத இடத்தில் சமத்துவம் வந்து உட்காருவதில்லை. அங்கே பதவி உட்காருகிறது, பழக்கம் உட்காருகிறது, சாதி உட்காருகிறது. கழிவுநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் உள்ளே மயங்கி விழுகிறார். காப்பாற்ற இரண்டாமவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். மூன்றாமவர் அவருடைய மகனாகவோ தம்பியாகவோ இருப்பார். 2013இலேயே சட்டம் தடை செய்த வேலை இது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இன்னும் சாகிறார்கள், சாகிறவர் யார் என்பதும் நமக்குத் தெரியும். அந்த இடத்தில் களத் தலைவரின் முதல் உத்தரவு "யாரும் இறங்காதே" என்பதாக இருக்க வேண்டும். வாயு அளக்கும் கருவி, பி.ஏ. செட், இடுப்புக் கயிறு, மேலே ஆள் என எல்லாம் தயாரான பிறகுதான் ஒருவர் இறங்கலாம். அதைச் சொல்லும் அதிகாரம் கொண்ட ஒருவர் இல்லையென்றால், "இவனுக்குப் பழக்கம்தான், இறங்கச் சொல்லு" என்று கூட்டத்தில் ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு எந்தச் சான்றிதழும் தேவைப்பட்டதில்லை.

மீட்கப் போகிறவரின் உயிரும் இதில்தான் இருக்கிறது. 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக் கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள், பழைய கட்டடம் இடிந்து இறந்தார்கள். எரியும் பழைய கட்டடத்துக்குள் எத்தனை நிமிடம் இருக்கலாம், எப்போது வெளியே வரச் சொல்ல வேண்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்கும் வேலை ஒன்று உண்டு. பாதுகாப்பு அலுவலர் என்று முன்பு சொன்னேனே, அந்த வேலை. அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு களத்திலும் இருக்க வேண்டும்.

கொக்கிரகுளம் என்று சொல்லிவிட்டு 1999 ஜூலை 23ஐச் சொல்லாமல் போக முடியாது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகப் போனவர்கள் மீது தடியடி நடந்தது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டு, 17 பேர் உயிரிழந்தார்கள். அதைப் பயிற்சிக் குறைவு என்று நான் சொன்னால் அது அயோக்கியத்தனம். அது வன்முறை. ஆனால் இந்த ஆற்றங்கரையில் உத்தரவிடும் அதிகாரம் என்றால் என்ன என்பதை நம் மக்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். கரையில் நின்ற சீருடைகளில் "நிறுத்து, அங்கே ஆறு இருக்கிறது, மக்கள் தப்பிக்க வழி விடு" என்று சொல்லும் கடமையோடும் அதிகாரத்தோடும் நின்ற சீருடை ஒன்றுகூட இல்லை. நம் ஊரில் தலைமை என்பது அடக்குவதற்கான அதிகாரமாகவே பழகியிருக்கிறது. காப்பாற்றுவதற்கான அதிகாரமாக அதை மாற்றிக் கேட்பதும் நம் அரசியல்தான்.

ஆகவே என் கோரிக்கைகள். முதலாவது, தீயணைப்போர் முதல் நிலைய அலுவலர் வரை படிப்படியான களத் தலைமைச் சான்றிதழ் வேண்டும். அது தமிழில் நடக்க வேண்டும், கட்டணம் இருக்கக் கூடாது, பயிற்சி நாட்கள் பணிநாட்களாகக் கணக்கிடப்பட வேண்டும். ஆங்கிலத் தாளும் ஆன்லைன் கட்டணமும் வைத்தால் அது ஏணி ஆகாது, இன்னொரு கோயில் கதவாகிவிடும்.

இரண்டாவது, சான்று பெற்றவரின் உத்தரவுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். முதலில் வந்து சேர்ந்த சான்று பெற்றவரே தலைவர். கார் வந்து நின்றதும் தலைமை தானாகக் கை மாறக் கூடாது.

மூன்றாவது, சோதனையில் ஊர் வரைபடம் இருக்க வேண்டும். தன் நிலைய எல்லைக்குள் எந்தக் காலனி எந்தப் பள்ளத்தில் இருக்கிறது, அங்கே போக எத்தனை வழி, யார் வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லத் தெரியாதவர் தேறக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதும், பிணம் அகற்ற வெளியூர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டதும் ஆவணமாகவே இருக்கின்றன. அதையெல்லாம் பாடத்தில் வைக்க வேண்டும்.

நான்காவது, துறையில் எந்தப் படிநிலையில் எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும். சான்று பெற்றவர்களின் கணக்கையும் அப்படியே. தொட்டிக்குள் இறங்குபவர் யார், மேலே நின்று உத்தரவிடுபவர் யார் என்று அப்போது தெரிந்துவிடும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. மழைக்காலத்துக்கு முன்னால் உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கு நாலு பேர் சேர்ந்து போங்கள். டீ வாங்கிக்கொண்டு போங்கள், அவர்கள் நம் ஆட்கள். ஒரே ஒரு தாளில் உங்கள் காலனியின் வரைபடத்தை வரைந்து கொடுங்கள். பள்ளம் எது, மேடு எது, மொட்டைமாடி எது. "தண்ணி வந்தா இங்க யாரு பொறுப்பு அண்ணே?" என்று கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறாரோ, அதை எழுதி ஆட்சியருக்கு ஒரு மனுவாகக் கொடுங்கள்.

ஆச்சிக்கு இப்போது வயது 78. மழை பலத்தால் இன்றும் முதலில் ரேஷன் கார்டை எடுத்துப் பாலிதீன் பையில் கட்டுகிறாள். அடுத்த முறை படகு வரும்போது அதில் இருப்பவர் "அவ்வளவுதான்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு ஆளை உருவாக்குவதற்குத்தான் இவ்வளவும் பேசினேன்.