பண்டிகை நாளில் பல்லும் முரசும்

(சங்கத்தின் தீபாவளி ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)

தீபாவளிக் கூட்டத்தில் பேச எழுந்தவன் நரகாசுரன் கதையைச் சொல்வான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நானோ பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பலகாரத் தட்டை முன்னே வைத்துக்கொண்டு இப்படியும் ஒரு பேச்சா என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், சிரிப்பதற்கும் பல் வேண்டும் அன்றோ!

எங்கள் தாத்தா தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். தீபாவளி முறுக்கை அவர் கடித்து உண்டதை நான் கண்டதே இல்லை. தேநீரில் ஊறவைத்து, மெதுவான பின்பே வாயில் இடுவார். “சூத்தை பிடித்தா பல் போயிற்று, தாத்தா?” என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். “இல்லையப்பா, ஒரு பல்லிலும் சூத்தை கிடையாது. நல்ல பல்தான், ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிட்டது” என்றார். அன்று அது எனக்கு விளங்கவில்லை. பல்கலைக்கழகம் சென்று நூல்களைப் புரட்டியபோதே விளங்கிற்று.

நோர்வே நாட்டுப் பேரறிஞர் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவினரும் 1970ஆம் ஆண்டில் நம் மலையகத்துக்கு வந்தனர். இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தனர். தூரிகை கொண்டு பல் துலக்கும் வழக்கமோ, பல் வைத்தியரைக் காணும் வசதியோ அம்மக்களுக்கு இருக்கவில்லை. 1985 வரை, 15 ஆண்டுகள், அவ்வாய்களின் கதியைக் குறித்து வந்தனர். முடிவு என்ன? சூத்தைப் பல் அவர்களிடம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் பல்லைத் தாங்கும் முரசு, அதாவது ஈறு, கெட்டிருந்தது. நூற்றுக்கு 11 பேர் மட்டுமே பெருங்கேடின்றித் தப்பினர். 81 பேருக்கு நோய் மெல்ல மெல்ல முற்றியது. எஞ்சிய 8 பேரோ 45 வயதிற்குள் வாயிலிருந்த பற்கள் அனைத்தையும் இழந்தனர்.

நண்பர்களே, இன்று உலகெங்கும் பல் வைத்தியம் பயிலும் மாணவர் இவ்வாராய்ச்சியைப் படிக்கின்றனர். அவர்களுக்குப் பாடமானது நம் பாட்டன்மாரின் வாய்! உலகத்தார் கற்றுக்கொண்ட அப்பாடத்தை நம் வீட்டார் இன்னும் கற்கவில்லையென்றால் அது எத்துணை வருந்தத்தக்கது!

முரசு கெடுவது எப்படி? நாம் உண்டபின் பல்லின் அடியில் கிருமிகள் மெல்லிய படலமாக ஒட்டுகின்றன. அதை அகற்றாவிட்டால் சுவர்க் காரைபோல் இறுகி, முரசை நோகச் செய்து, உள்ளிருக்கும் எலும்பையும் அரிக்கிறது. 1965ஆம் ஆண்டில் இதே லோ அவர்கள் டென்மார்க்கில் ஒரு சோதனை நடத்தினார். 12 பேர், பெரும்பாலும் மாணவர், பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 நாள் முதல் 21 நாளுக்குள் அனைவர்க்கும் முரசு அழன்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் குணமாயிற்று. கெடுவதும் விரைவு, தொடக்கத்திலேயே கவனித்தால் மீள்வதும் விரைவு. ஆகவே முரசில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். அது துலக்கு, துலக்கு என்று முரசு கொட்டும் அறிவிப்பு!

தாத்தாவின் காலத்துக்கு முரசு நோய் ஒன்றே பகை. நமக்கோ சீனியும் சேர்ந்து இரண்டு பகை. தீபாவளியன்று நாம் செய்வதென்ன? கோவிலிலிருந்து திரும்பியதும் ஒரு வீட்டில் லட்டு. அடுத்த வீட்டில் அதிரசம். அதற்கடுத்த வீட்டில் சோடா. ஒவ்வொரு முறை இனிப்பு உண்ணும்போதும் வாய்க்கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சீர்செய்ய அரைமணி முதல் ஒருமணி நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த லட்டு வந்துவிட்டால் பல் என்ன செய்யும்? எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே பெரிது. பலகாரத்தை வெறுக்கச் சொல்ல நான் வரவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து உண்ணுங்கள், இடையிடையே கொறியாதீர்கள், உண்டபின் நீரால் வாய் கொப்பளியுங்கள். உபசரிக்கும் வீட்டாரும் “இன்னும் ஒன்று” என்று குழந்தைகளை வற்புறுத்தாதிருப்பது நலம்.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். வெற்றிலைத் தட்டைப் பற்றியும் ஒரு சொல். தாம்பூலம் நம் மங்கல வழக்கம்; தட்டில் வைத்து மரியாதை செய்வதை எவரும் குறைகூறார். மெல்லுவதில்தான் ஆபத்து. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் வெட்கமின்றி வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனி, செய்ய வேண்டியது யாது? நான் மிஷன் பாடசாலை விடுதியில் வளர்ந்தவன். இரவு மணி அடித்ததும் வரிசையாக நின்று பல் துலக்கிய பின்பே படுக்கை. அன்று அது தண்டனை போலத் தோன்றியது. இன்று அதன் அருமை தெரிகிறது. நம் வீடுகளில் பல் துலக்குதல் காலைக்கடன் மட்டுமே. ஆனால் உறங்கும்போது உமிழ்நீர் குறைகிறது, பல்லுக்குக் காவலில்லை. ஆதலால் இரவுத் துலக்கலே தலையாயது.

மென்மையான தூரிகையும் புளோரைட் கலந்த பற்பசையும் போதும். முரசும் பல்லும் சேரும் இடத்தில், இரண்டு நிமிடம், மெதுவாகத் துலக்குங்கள். சிறுவர்க்கு ஏழெட்டு வயது வரை பெரியவர்களே உதவ வேண்டும். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்ற முன்னோரின் கருத்தை நாம் மறக்கவில்லை. இன்று அதற்குரிய கருவி மாறியிருக்கிறது, அவ்வளவே. கரியும் செங்கல் தூளும் வேண்டாம். அவை பல்லைத் தேய்த்துவிடும். சோடா மூடியைப் பல்லால் திறக்கும் வாலிப வீரமும் வேண்டாம்!

வலி வந்த பின்பே வைத்தியரைத் தேடும் வழக்கத்தையும் விடுவோம். முரசு நோய் பெரும்பாலும் வலியின்றியே முற்றும். கலகெதரையிலிருந்து பஸ் ஏறினால் கண்டி. அதற்கப்பால் பேராதனைப் பல் வைத்தியசாலை. இவ்வளவு அருகில் இருந்தும் நாம் போகாவிட்டால் குறை யாருடையது? காரையை அகற்றுவிக்க ஆண்டுக்கு ஒருமுறையாவது செல்வோம்.

அன்பர்களே, தீபாவளியன்று விடியுமுன் எழுந்து எண்ணெய் தேய்த்து நீராடுகிறோம். விடியலில் உடலைத் தூய்மை செய்தவர், அன்றிரவு வாயைத் தூய்மை செய்யாமல் படுக்கலாமா? விளக்கை அணைக்குமுன் இரண்டு நிமிடம். அதுவே நான் வேண்டுவது. என் தாத்தாவின் முறுக்கு தேநீரில் ஊறியது. நாம் தாத்தாவாகும் நாளில், பேரப்பிள்ளைகளுடன் அமர்ந்து முறுக்கை நறுக்கென்று கடிப்போமாக!