நாய்க்கு அளவறிந்து ஆகாரமிடுதல்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)

  

கூட்டுறவு இலாகாவிலிருந்து ஒருவன் பேச வந்தால் கடன், தவணை, வட்டி என்னும் மூன்றைத் தவிர வேறொன்றும் பேசமாட்டான் என்பது பொதுவான அபிப்பிராயம். இன்று அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, நம் வீட்டு வாசலிலும் ஆட்டுக்கிடையிலும் களத்துமேட்டிலும் இரவெல்லாம் விழித்திருந்து காவல் காக்கும் நாயின் ஆகாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். சங்கத்தில் கடன் பெற்று ஆடு வாங்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்த ஆடுகளுக்கு இராக்காவல் நாய்தான். ஆகையால் இவ்விஷயம் சங்கத்துக்குப் புறம்பானதன்று.

நம் கிராமங்களிலுள்ள நாய்களிற் பெரும்பாலானவை கலப்பு ஜாதி. நடுத்தர உயரமும், ஒடுங்கிய இடுப்பும், மேலேறிய வயிறும், 12 முதல் 20 கிலோ வரை எடையும் உள்ளவை. தென் ஜில்லாக்களில் சிப்பிப்பாறை, கன்னி முதலிய வேட்டை நாய்களின் இரத்தமும் சிலவற்றிற் கலந்திருக்கும். அத்தகைய நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் வெளியே தெரிவது இயல்பே. அதைப் பார்த்து, "ஐயோ, பட்டினி கிடக்கிறதே" என்று இரங்கி ஓயாமல் சோறு போடுகிறவர்கள் உண்டு. "ஊரெல்லாம் சுற்றித் தின்றுகொள்ளும்" என்று ஒன்றும் போடாமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. மெலிந்த உடல் வேறு, பசித்த உடல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இன்றைய பேச்சின் சாரம்.

பிரித்தறியக் கண்ணைவிடக் கை நல்ல கருவி. உங்கள் ஒரு கையை விரல் நீட்டிக் கவிழ்த்து வையுங்கள். மற்றக் கை விரலால் அதன் முதுகுப்புறத்திலுள்ள கணுக்களைத் தடவிப் பாருங்கள். நாயின் விலாவைத் தடவும்போது அவ்விதமே மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தட்டுப்பட்டால் உடல் சரியான நிலையிலிருக்கிறது. முஷ்டியாக மடக்கிய கையின் கணுவைப்போல் எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் மெலிவு அதிகம். உள்ளங்கைச் சதையைப்போல் மெத்தென்றிருந்து எலும்பு அகப்படாவிட்டால் கொழுப்பு அதிகம். இடுப்பெலும்பும் முதுகுத் தண்டும் தூரத்திலிருந்தே தெரிந்து, தொடைச் சதையும் வற்றியிருந்தால், அது எந்த ஜாதி நாயானாலும் மெலிவுதான்.

அடுத்தது எடை. சங்கக் கிட்டங்கியில் உரமூட்டை நிறுக்கும் எடைமேடை இருக்கிறது. நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறி நில்லுங்கள். பிறகு தனியாக ஏறி நில்லுங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் நாயின் எடை வந்துவிடும்.

இனி அளவைச் சொல்லுகிறேன். நன்கு வளர்ந்து, சாதாரணமாய் நடமாடும் 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி ஆகாரம் போதும். 20 கிலோ நாய்க்கு 1,050 கலோரி. எடை கூடும் அதே விகிதத்தில் ஆகாரம் கூடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். விதை நீக்கிய நாய்க்கும், கட்டியே கிடக்கும் கிழ நாய்க்கும் இதிற் சற்றுக் குறைய வேண்டும். பகலெல்லாம் மந்தையோடு ஓடும் நாய்க்கு ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும்.

850 கலோரி என்பது நம் அடுப்படிக் கணக்கில் எவ்வளவு? அரிசி அல்லது கேழ்வரகு 120 கிராம், பருப்பு 30 கிராம், எலும்பில்லாத இறைச்சி அல்லது முள் நீக்கிய மீன் 100 கிராம், முட்டை ஒன்று, தயிர் அரைக் கிண்ணம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. தயிர் நீங்கலாக எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, காலை ஒரு பாதி, மாலை ஒரு பாதியாக இட வேண்டும். நாய்க்குத் தானியம் செரிக்காது என்பார் சிலர். ஓநாய்க்கு இல்லாத அளவு மாச்சத்தைச் செரிக்கும் தன்மை நாய்க்கு உண்டென்று 2013-ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். ஆயினும் வெறும் கஞ்சியும் பழைய சோறும் வயிற்றை நிரப்புமேயன்றிச் சதையை வளர்க்கா. வீட்டுச் சமையலில் சுண்ணாம்புச் சத்தும் குறையும். அதற்கு என்ன சேர்ப்பதென்று கால்நடை டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அளவைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அன்புதான். பாட்டி இரண்டு இட்லி போடுகிறாள். பள்ளிக்குப் போகும் பையன் நாலு பிஸ்கோத்து கொடுக்கிறான். இவை மட்டுமே ஏறக்குறைய 190 கலோரி, அதாவது நாள் முழுமைக்கும் உரிய ஆகாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஒவ்வொருவரும் கொடுப்பது சொற்பமென்றே தோன்றும், ஆனால் பேரேட்டில் ஏறாத செலவே சங்கத்தை மூழ்கடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. தின்பண்டங்கள் மொத்த ஆகாரத்திற் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. கொடுத்தால் அந்த அளவைச் சோற்றிற் குறைத்துவிட வேண்டும்.

அதிகம் தின்றால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரு நாய் தின்றதில் நாலில் மூன்று பங்கையே அதன் ஜோடிக்கு ஆயுள் முழுவதும் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2002-ல் வெளியாயிற்று. அதிகம் தின்றவற்றின் நடுத்தர ஆயுள் 11.2 வருஷம். குறையத் தின்றவற்றினது 13 வருஷம். மூட்டு நோயும் இவற்றுக்குப் பிந்தியே வந்தது. இது பட்டினி போடுவதற்கு அத்தாட்சியாகாது. அந்த நாய்களுக்குக் குறைத்தது அளவையே, சத்தையன்று.

சரியான அளவு தின்றும் நாய் இளைத்துக்கொண்டே போனால், சோற்றைக் கூட்டிக்கொண்டே போவதிற் பிரயோஜனமில்லை. குடற்புழுவோ, உண்ணியால் வரும் காய்ச்சலோ, பல் நோயோ, வேறு வியாதியோ இருக்கலாம். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போக வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த நாய் அகப்பட்டால் ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாதீர்கள். சிறுகச் சிறுக, பல வேளையாகக் கொடுத்து, ஒரு வார காலத்தில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய் நாய்க்கும் மேற்சொன்ன கணக்குப் பொருந்தாது. பால் கொடுக்கும் நாய்க்கு இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும்.

போடத்தகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகையால் மீந்த சாம்பாரும் குழம்பும் அதற்கு ஆகாரமல்ல. திராட்சையும் சாக்லேட்டும் விஷம். வேகவைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஆடு அறுத்த இடத்தில் நீர்க்கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக எறியாதீர்கள். அதைத் தின்ற நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிவந்து, மேய்ச்சலில் ஆட்டையும், கைவழியாய் நம் குழந்தைகளையும் சேர்ந்து, ஈரலில் கட்டியை உண்டாக்கும். பசித்த நாயே இவ்விதக் கழிவுகளைத் தேடிப் போகும். ஆகவே நாய்க்கு அளவாய் இடும் சோறு ஆட்டுக்கும் குழந்தைக்கும் இடும் காப்பு என்று கொள்ளுங்கள்.

சோற்றுக்கு ஒரே கிண்ணத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரிற் குறித்து வையுங்கள். எடை கூடினாற் சோற்றிற் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். இறங்கினால் அவ்வளவே கூட்டுங்கள். புழு மருந்தும் வெறிநாய்க்கடி நோய்க்குரிய தடுப்பூசியும் தவணை தவறாமல் நடக்கட்டும். கடன் தவணையைப்போலவே அதுவும் தப்பினால் ஆபத்து.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நாயுள்ள அங்கத்தினர் ஒவ்வொருவரும் அதன் எடையை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.