குரோன் நோயில் மருந்தின் நன்மையும் தீமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேச வல்ல புலவர் பலர் கூடிய இவ்வவையில், ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் நோயையும் மருந்தையும் பேச வந்தது சிலருக்கு வியப்பாகலாம். நாம் மருத்துவம் கற்றவரல்லோம், மெட்ரிகுலேஷனோடு நின்றவர். எனினும் நம் தமக்கை மகன் ஏழாண்டுகளாகக் குரோன் நோயுடன் வாழ்ந்து வருகின்றான். அவனுடன் மருத்துவர் முன் அமர்ந்து கேட்டறிந்தவற்றையே இங்குக் கூற முற்படுகின்றோம்.

1932 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மருத்துவர்களான குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் இந்நோயை விளக்கி எழுதினர். ஆங்கில அகரவரிசையில் முதற்கண் நின்றமையால் குரோன் பெயரே நோய்க்கு நிலைத்தது! உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்கிப் புண்ணாக்குவது இதன் இயல்பு. அடியோடு தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. அவற்றை நெடுங்காலம் உட்கொள்ள வேண்டும். அங்கேதான் பக்க விளைவு என்னும் அச்சம் தலைதூக்குகின்றது.

நம்மவர் பலர் ஒரு தட்டில் மருந்தின் தீமையையும் மறுதட்டில் நோயற்ற உடம்பையும் வைத்து நிறுக்கின்றனர். இது பிழையான நிறுவை அன்றோ? மறுதட்டில் வைக்க வேண்டியது மருந்திடாத நோயை. அடக்காது விட்ட குரோன் நோய் குடலைச் சுருக்கி அடைக்கும், துளைத்துப் புரையோடச் செய்யும், இரத்தத்தைக் குறைக்கும். அறுவை செய்து ஒரு பகுதியை நீக்கினாலும், தைத்த இடத்தருகே மீண்டும் தோன்றுவதுண்டு.

நம் நாட்டில் இதற்கும் முன்னதாக ஒரு சிக்கல் உண்டு. குடற் காசநோயும் குரோன் நோயும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குடலுள் குழாய் செலுத்திப் பார்த்தும், சதைத் துணுக்கை ஆய்ந்தும் துணிய இயலாத வேளைகள் பல. காசநோயைக் குரோன் என மயங்கி எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தளித்தால் காசம் பரவும். குரோனைக் காசமென மயங்கினாலோ, மாதங்கள் வீணாகிக் குடல் சுருங்கும். காச மருந்தும் ஈரலைத் தாக்கக் கூடியதே. நம் மருமகனுக்கு முதல் ஆறு திங்கள் காச மருந்தே அளித்தனர். புண் ஆறாமை கண்ட பின்னரே குரோன் என்று முடிவு கட்டினர். அக்காலத் தாமதத்தைக் குறை கூற நம் மனம் ஒப்பவில்லை.

ஸ்டீராய்டு விரைவில் பயன் தரும். ஆனால் முகம் உப்பும், உறக்கம் கெடும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். நோயைத் தணிக்குமேயன்றி, தணிந்த நிலையை நீட்டித்துக் காக்காது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் தாமே வாங்கி உண்பாரும், நினைத்த அன்று சட்டென நிறுத்துவாரும் உளர்; இரண்டும் பேராபத்து.

1988 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வில் பிறந்தது அசதயோப்ரின். இது பயன் தர இரண்டு மூன்று திங்கள் ஆகும். வெள்ளணுக்களைக் குறைக்கக் கூடியது. என்.யு.டி.டி.15 என்னும் மரபணுவின் ஒருவகை மாற்றம் உடையார்க்கு இவ்வாபத்து மிகுதி. அம்மாற்றம் ஐரோப்பியரினும் ஆசியரிடம் அதிகம். பாதை வலுக்குறைந்த இடத்தில் நம் இலாகா வண்டியை ரத்துச் செய்வதில்லை; காஷன் ஆர்டர் கொடுத்து மெல்லச் செலுத்துகின்றது. அதுபோல் அடிக்கடி இரத்தம் சோதித்தே இதனைக் கொடுக்கின்றனர். நிணநீர்ப் புற்று பற்றிய அச்சமும் மெய்யே. ஆயின் அது அரிதாக வருவது.

இம்மருந்தில் ஈராண்டு நலமாயிருந்தான் நம் மருமகன். "நல்ல உடம்புக்கு மருந்தெதற்கு?" என்று உறவினர் சிலர் ஓத, நிறுத்திவிட்டான். அந்நலமே மருந்தினால் வந்தது என்பதை எவரும் எண்ணவில்லை. எட்டாம் திங்களில் குடல் அடைத்தது. மூக்கின் வழியே குழாயிட்டு ஐந்து நாள் கிடந்தான். பின்னர் ஓரடி நீளக் குடலை அறுத்தெடுத்தனர்.

அடுத்து இன்ஃப்ளிக்ஸிமாப் பற்றிப் பேச்செழுந்தது. 1998 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்து அது. நரம்பு வழியே ஏற்றுவது. தொடக்கத் தவணைகளுக்குப் பின் எட்டு வாரத்துக்கொரு முறை. உறங்கும் காசக் கிருமியை எழுப்பக் கூடியது. ஆதலின் முன்னரே மார்புப் படமும் காசச் சோதனையும் வேண்டும். எல்லோருக்கும் பலிப்பதில்லை, சிலருக்குப் பலித்தும் பின்னர் வலுவிழக்கும். விலையோ சிறிதன்று. தமக்கையார் மிக அஞ்சினார். அவனோ, "மாமா, அந்தக் குழாயோடு இன்னொரு முறை படுக்க என்னால் ஆகாது" என்றான். அவன் தட்டில் அக்குழாயே கனத்தது. அறுபது கடந்தவர்க்கோ நோய் மெலிதாய் உள்ளவர்க்கோ தொற்றின் அச்சமே கனக்கலாம். அவர் முடிவு வேறாவதில் தவறில்லை. பிள்ளைப்பேற்றை நாடும் பெண்கள் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்; மெதோட்ரெக்சேட் போன்றவை அப்போது கூடவே கூடா.

மருத்துவரிடம் "பக்க விளைவு உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்பதே விடை. நூற்றில் எத்தனை பேருக்கு, எச்சோதனையால் முன்னறியலாம், பயனில்லையேல் எப்போது மாற்றுவது என்று கேட்டபோதுதான் நமக்குத் தெளிவு பிறந்தது. தாளில் எழுதிச் சென்றே கேட்டோம்.

இப்போது மருமகன் எட்டு வாரத்துக்கொரு நாள் விடுப்பெடுத்து மருந்தேற்றி வருகின்றான். பணிமனை வேலைக்கும் தவறுவதில்லை. இரவில் இருமல் வந்தால் தமக்கையார் இன்றும் விழித்துக்கொள்கின்றார். இந்நோயுடைய அன்பர் குடும்பத்தார் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் நம்மைக் காணலாம்; நாம் எழுதிச் சென்ற அத்தாள் நம் சட்டைப் பையில் உள்ளது.