ஆனைமலைக்கு ஒரு பிரதட்சிணம்

(சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"எழுபத்து நாலு வயதில் ஒண்டியாகக் கார் ஓட்டிக்கொண்டு போய், கூடாரத்தில் படுத்து, கோல்ஃப் ஆடிவிட்டு வந்தீராமே, அதைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க டூர் ரிப்போர்ட் எழுதிப் பழகியவன் நான். அந்த வாடை கொஞ்சம் வீசும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனைமலையை நான் ஒரு தீவு என்றுதான் பார்க்கிறேன். கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்த தோஷம். வடக்கே நம் பாலக்காட்டுக் கணவாய், கடல் மட்டத்திலிருந்து சராசரியாக நூற்றைம்பது மீட்டர்கூட உயராத சமவெளி. தெற்கே 2695 மீட்டர் ஆனைமுடி. குளிர்ந்த சோலைக்காட்டில் மட்டுமே வாழப் பழகிய சிறு பறவைக்கு, நம் வெயில் கொளுத்தும் சமவெளி கடலைப் போலத்தான், தாண்ட முடியாது. நீலகிரியில் ஒருவகைச் சோலைக்கிளி, ஆனைமலைப் பக்கம் அதற்கு உறவான வேறொரு வகை. கணவாய் பிரித்து வைத்துப் பல லட்சம் ஆண்டுகளில் இரண்டும் தனித்தனி இனங்களாகிவிட்டன. தீவைச் சுற்றிவர வேண்டும் என்ற ஆசை எனக்கு உத்தியோக காலத்திலேயே உண்டு. ஷில்லாங்கில் வேலை பார்த்தபோது அங்கே புல்வெளியில் கோல்ஃப் பழகினேன். அந்த ஆசையும் இதோடு சேர்ந்துகொண்டது.

மனைவி காலமாகி இரண்டு வருஷம். ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம். "தனியாவா போப்போறேள் அப்பா? வேணும்னா டிரைவர் வெச்சுக்கோங்கோ" என்று மகள் புனேயிலிருந்து தினமும் போன். டிரைவர் வைத்தால் அவருக்குச் சாப்பாடு, படுக்கை, அவர் கேட்கும் சினிமாப் பாட்டு. வேண்டாம் என்றேன். இருதய டாக்டர் மட்டும் இரண்டு நிபந்தனை போட்டு அனுமதித்தார்: ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, சூரியன் சாயும்போது வண்டி நின்றிருக்க வேண்டும். இரண்டாவது, சந்தியாவந்தனத்துக்கும் தோதுதானே. 2024 பிப்ரவரியில் கிளம்பினேன்.

ஒரு வேடிக்கை பாருங்கள். பரம்பிக்குளம் பாலக்காடு ஜில்லா. ஆனால் அங்கே காரில் போகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஆனைமலை ஊர், சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று ஏறி, மறுபடி கேரளத்துக்குள் இறங்க வேண்டும். இரண்டு மாநில வனத்துறைக்கும் தனித்தனியே கட்டணம். அங்குள்ள அணைகள் கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு. 1970ல் கையெழுத்தாகி, 1958லிருந்தே அமல் என்று எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. அதன்படிதான் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சிற்றூர்ப் புழைக்கு வருகிறது. சோகநாசினியில் முங்கிக் குளித்த நம்மில் பலருக்கு, அந்த ஜலம் எங்கிருந்து வருகிறது என்ற விசாரமே இருந்ததில்லை. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடுமதகு பிய்த்துக்கொண்டு போனபோதுதான் பலர் அந்தப் பெயரையே விசாரித்தார்கள்.

நீர்த்தேக்கத்தின் நடுவே வீட்டிக்குன்னு என்று நிஜமாகவே ஒரு தீவு உண்டு. வனத்துறை விடுதியும் அதில் இருக்கிறது. ஒற்றை ஆளாகப் போனதால் நான் ஆனப்பாடியில் துறையின் கூடாரத்தில் தங்கினேன். காட்டுக்குள் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிப்பது சட்டவிரோதம், ஆபத்தும்கூட. வழிகாட்டியாக வந்த மலசர் இளைஞர் கன்னிமரத் தேக்கைக் காட்டினார். நாலைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். இந்தக் காட்டுத் தேக்கை இறக்கத்தான் 1907ல் சாலக்குடி வரை கொச்சி சமஸ்தானம் டிராம்வே போட்டது. இது எப்படித் தப்பியது என்று கேட்டேன். "வெட்டினப்போ ரத்தம் வந்துச்சாம், விட்டுட்டாங்க சார்" என்றார். விஞ்ஞானம் படித்தவனுக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனாலும் மரம் நிற்கிறதே!

உடுமலையிலிருந்து சின்னாறு ஏறும்போது நல்ல வறட்சி, முட்புதர். மழை மறைவுப் பிரதேசம். மேற்கே சில பத்து கிலோமீட்டரில் கொட்டோ கொட்டென்று கொட்டும் மேகம் இங்கே வெறுங்கையோடு வருகிறது. மறையூரில் சந்தனக்காட்டு வேலியைப் பார்த்து, வெல்லம் வாங்கிக்கொண்டேன் (2019ல் புவிசார் குறியீடு பெற்றது, பாயசத்துக்கு நான் உத்தரவாதம்). காந்தளூரில் ஒரு ஆப்பிள் தோட்டக்காரர் அனுமதியோடு என் சொந்தக் கூடாரத்தை அடித்தேன். மாவு மில் சந்தம் போல நாள் முழுக்க ஓடும் மனசு, அங்கே இரவு எட்டு மணிக்கு நின்றது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மாத்திரை போடாமல் தூங்கினேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

இரவிகுளம் வரையாட்டின் ஈற்றுக்காலத்துக்காக மூடியிருந்தது. நேரே மூணாறு. நண்பர் ஒருவர் தயவில் ஹைரேஞ்ச் கிளப் மைதானத்தில் ஆடினேன். 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பாலக்காட்டைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 150 கஜம் போகிற பந்து ஏழெட்டு கஜம் கூடப் போகும். பலம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பை தூக்க வந்தவர் ஓய்வுபெற்ற எஸ்டேட் தொழிலாளி, என் வயதுக்குச் சற்றுக் குறைவு. "துரை காலத்துல எங்கப்பா இதே மைதானத்துல பை தூக்கினாரு சாமி" என்றார். நாலாவது குழியருகே நின்று, ராஜமலைப் பக்கம் கையைக் காட்டினார். 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், பலருக்குப் பூர்விகம் கயத்தாறு. கரண்டும் போனும் இல்லாததால் விடிந்த பிறகுதான் வெளியே சேதி. அவருடைய அக்கா மகன் அந்த லயத்தில் இருந்தாராம். "நாங்க நாலு தலைமுறையா இங்க இருக்கோம், சாமி. வேலையை விட்டா வீட்டையும் விடணும். சொந்தமா ஒரு செண்டு மண்ணு இல்ல." அவ்வளவுதான் சொன்னார். பிறகு எனக்கு ஏழாம் நம்பர் ஐயர்னை எடுத்துக் கொடுத்தார். பேசும் இந்த மைதானப் புல்லும், காலையில் நாம் குடிக்கும் டீயும் யார் முதுகில் ஏறி வந்தவை என்பதைப் புஸ்தகத்தில் படித்தது வேறு, அவர் பக்கத்தில் நின்று கேட்டது வேறு. மிச்ச ஐந்து குழிகளை ஆடாமல், அவரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசினேன்.

திரும்பும்போது அடிமாலி, கோதமங்கலம், சாலக்குடி. அங்கிருந்து மளுக்கப்பாறை வழியாக வால்பாறை ஏறச் சிலர் சொன்னார்கள். 2022 நவம்பரில் 'கபாலி' என்ற கொம்பன் யானை எதிரே வந்ததால் ஒரு பஸ் எட்டு கிலோமீட்டர் பின்னோக்கியே ஓடிய ரோடு அது. எனக்கு முன்னோக்கி ஓட்டவே நாலு மணி நேர வரம்பு. மேலும், மலைக்குக் குறுக்கே போனால் பிரதட்சிணம் ஆகுமா? திருச்சூர், குதிரான் சுரங்கம் வழியாக வீடு சேர்ந்தேன். ஆறு நாள், மொத்தம் 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

போக நினைப்பவர்களுக்கு: பரம்பிக்குளத்துக்கு முன்பதிவு அவசியம், இருசக்கர வாகனத்துக்கு அனுமதியில்லை. பல இடங்களில் போன் எடுக்காது. அன்றன்றைய இடத்தையும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். புளிக்காய்ச்சல் ஆறு நாளும் தாங்கியது. கோல்ஃப் பந்து ஆறு கொண்டுபோனேன். திரும்பியது நாலு.