கதவைத் தட்டிய அக்காமார்



நம் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. கடல் மாறவில்லை. சென்னைக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். இங்கே பிள்ளை பெறுகிற தமிழ்ப் பெண்ணின் தாய்வீடு அக்கரையில் இருக்கிறது. அந்த நேரத்தில் காயம் இடித்து, பத்தியக் குழம்பு வைத்து, தூக்குவாளியோடு மேடேறி வருகிறவர் யார்? சபையில் ஓர் அக்கா! பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ கொஞ்சம் தூங்கும்மா" என்று சொல்கிற அந்த அக்காவுக்கு எந்த மேடையில் மாலை போட்டார்கள்?

வீடு சந்திப்பு என்று சபையில் அதற்குப் பெயர். இன்று தொடங்கியதல்ல. யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டி விதவைகள் அழுதார்கள் என்று வேதம் சொல்கிறது. அவள் என்ன பேசினாள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. தைத்த துணிதான் சாட்சி!

பாளையங்கோட்டைக்கு வாருங்கள். 1778ஆம் ஆண்டு, தஞ்சாவூர்ப் பிராமண விதவை ஒருத்திக்கு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா! 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் அவருடையது. 1785இல் எழும்பிய ஆலயத்தை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் ஊர் சொல்கிறது. நெல்லைச் சபையின் முதல் வரியில் நிற்பது ஒரு பெண். அதை மறக்கிறவர்களுக்கு இங்கிருந்தே சொல்லிவைப்போம்!

பிறகு அதே நெல்லைச் சீமைக்கு ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி அம்மையார் வந்தார். அவரோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போன தமிழ்ப் பெண்களை மக்கள் நட்சத்திரக் கூட்டம் என்றார்கள். அதில் பொன்னம்மாள், இளம் விதவை. ஆண் உபதேசியார் திண்ணையோடு நின்றுவிட வேண்டிய வீடுகளில் அடுப்படி வரை போக முடிந்தவர்கள் பெண்கள்தான். கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அடுத்த தெருவுக்குப் போனார்கள். 1901இல் டோனாவூரில் பிள்ளைகளைக் காக்கும் வேலை தொடங்கியபோது தோள் கொடுத்தவரும் அதே பொன்னம்மாள். அவர் பெயராவது நமக்குக் கிடைத்தது. மற்ற ஊர்களில் வெயிலில் நடந்த வேதப்பெண்கள் எத்தனையோ பேர்! "பைபிள் உமன் ஒருவர்" என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

இந்தத் தீவுகளுக்கும் அதே கதை. 1890களில் கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்தில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமோன், தமிழர்! அவரிடம் படித்த பையன்தான் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன், 1952இல் இந்தத் தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர். கைதட்டுங்கள், தட்ட வேண்டிய பெயர்கள். ஆனால் அந்தக் காலத்தில் காய்ச்சலில் கிடந்த பெண்ணுக்குக் கஞ்சி ஊற்றியவள் யார்? அவளுக்கும் ஒரு கைதட்டு வேண்டும்.

சிலர் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். ஒரு அரிசிப் பையை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு படம் எடுப்பவர்கள். அதை வாங்கிய விதவையின் முகம் ராத்திரிக்குள் ஊரெங்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மறு ஞாயிறு அந்த அம்மா எந்த முகத்தோடு ஆராதனைக்கு வருவார்? அரிசியைக் கொடுத்து மானத்தை வாங்குகிற வேலை இது. சபைக்கு வேண்டாம்!

அருகில் போய் உட்கார்ந்தால் மட்டுமே தெரியவரும் தேவைகளும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஆழிப்பேரலையில் எல்லாம் இழந்தவர்கள் நிக்கோபார் தீவுகளிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் இந்த ஊருக்கு வந்து இறங்கினார்கள். முகாமில் சோறு கிடைக்கும், போர்வை கிடைக்கும். உள்ளாடை வேண்டும், மாதவிலக்குக்குத் துணி வேண்டும் என்று ஒரு பெண் எந்த அதிகாரியிடம் வாய் திறப்பாள்? பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்த ஒரு பெண்ணிடம்தான் சொல்லுவாள்.

இப்படி வீடு வீடாகப் போவதில் சந்தோஷம் எங்கே என்று கேட்கிறவர்கள் கச்சாலை நினைக்கட்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம் மக்களை ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோன தீவு அது. அப்படி வந்த ஒரு பாட்டி இன்று தனியாகக் கிடந்தால், தலை வாரிவிடுகிற அக்காவிடம் மலையகக் கதை சொல்வாள், தோட்டத்துக் கதை சொல்வாள், இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வரும்போது நெஞ்சில் சுமந்துவந்த கடன் கவலை, மாமியார் பேச்சு, மகனின் வேலை, எல்லாம் இறங்கி அந்த அக்காவும் லேசாக நடந்துபோவார். பாட்டி ஒரு குடும்பத்தையே தந்து அனுப்பியிருக்கிறாள்.

ஆகவே, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் தெருவுக்கு இருவராகப் பிரித்துக்கொள்ளட்டும். ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பெண், தாய்வீடு அக்கரையில் உள்ள பெண், சில வாரங்களாக ஆலயத்தில் காணாத அம்மா, இவர்கள் வீடு முதலில். ஆட்டோ காசைப் பொருளாளர் முணுமுணுக்காமல் தரட்டும். போய்ப் பார்க்கப்பட்டவர்கள் பெயர் வெளியே வர வேண்டாம். போனவர்கள் பெயரை மட்டும் சபையின் ஆண்டறிக்கையில் இனிஷியலோடு, முழுதாக அச்சடியுங்கள்!